பல்லாங்குழி விளையாட்டுச் செயலிக்கு பிளே ஸ்டோரில் படங்களும் விவரணையும் எப்படி அமைக்க வேண்டும்?

சோழிக்காரர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நானும் என் தங்கையும் சேர்ந்து ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்காக ஒரு பல்லாங்குழி விளையாட்டை எழுதி முடித்திருக்கிறோம். ஒரு ஆட்டம் ஐந்தாறு நிமிடங்களில் முடிந்துவிடும். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஆடக்கூடியது. இப்போது கூகுள் பிளேயில் செயலியை அறிமுகப்படுத்தும் பட்டியல் பக்கத்தைத் தயாரிக்கும் இடத்தில் நிற்கிறோம்.

ஐகானில் பதினான்கு குழிகளும் தெரியும்படி முழுப் பலகையையும் மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்தோம். கணினித் திரையில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் கைபேசியில் வைத்து எங்கள் அத்தையிடம் காட்டியபோது, "இது மருந்துக்கடைச் செயலியா?" என்று கேட்டார். மறுபடி பார்த்தால், அந்த அளவில் அது மாத்திரை அட்டை போலவே இருக்கிறது.

தலைப்பிலும் சிக்கல். "தமிழர் பாரம்பரியப் பல்லாங்குழி விளையாட்டு" என்று வைக்க நினைத்தோம். இடைவெளிகளோடு எண்ணினால் 25 எழுத்துகள்தான்; வரம்பு 30. ஆனாலும் அந்தப் பெட்டி அதை ஏற்க மறுக்கிறது. முழு விவரணையைப் பல்லாங்குழியின் வரலாற்றோடு தொடங்கியிருக்கிறோம். அது சரியான தொடக்கம்தானா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓவிய மேசை:

உங்கள் அத்தை சரியாகவே சொல்லியிருக்கிறார். ஐகானை 512க்கு 512 பிக்சலில் வரைந்து கொடுக்கிறோம் என்றாலும், ஆடப்போகிறவர் அதைப் பெரும்பாலும் கட்டைவிரல் நகத்தின் அளவில்தான் பார்க்கிறார். அந்த அளவில் பதினான்கு குழிகள் வெறும் புள்ளி வரிசைகளாகிவிடும். முழுப் பலகையையும் காட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு குழி, அதற்குள் மூன்று சோழிகள், மேலிருந்து நான்காவது சோழியை இடப்போகும் இரண்டு விரல்கள்: இவ்வளவு போதும். பல்லாங்குழி ஆடியவருக்கு அது பசு (ஒரு குழியில் நான்கு சோழிகள் சேர்வது) சேரப்போகும் தருணம் என்று பார்த்தவுடனே புரியும். ஆடாதவருக்கும், அடுத்து என்ன ஆகும் என்ற எதிர்பார்ப்பு எழும்.

வண்ணத்தில் கவனம் தேவை. பழுப்புப் பலகையின் மீது பழுப்புப் புளியங்கொட்டைகளை வைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். குழியை நன்றாக இருட்டாக்கி, சோழியை வெண்மையாக விடுங்கள். வரைந்து முடித்ததும் படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் சோழி தனியே எடுத்துத் தெரிந்தால் வேறுபாடு போதுமானதாக இருக்கிறது என்று பொருள். மூலைகளை நீங்கள் வளைக்க வேண்டாம். கூகுள் பிளே தானாகவே வளைத்து, நிழலையும் சேர்த்துவிடும். ஐகானுக்குள் எழுத்தும் வேண்டாம். பெயர்தான் பக்கத்திலேயே இருக்கிறதே.

ஸ்கிரீன்ஷாட்டுகளில் எட்டு வரை இடலாம். பலர் முதற்படமாகத் தொடக்கப் பக்கத்தையோ அமைப்புகள் பக்கத்தையோ வைத்துவிடுகிறார்கள். அங்கே விளையாட்டே இல்லை. முதற்படத்தில் ஆட்டத்தின் நடுப்பகுதி இருக்கட்டும்: ஒரு பக்கத்தில் குழிகள் ஏறக்குறைய காலியாகி, மறுபக்கத்தில் சோழிகள் குவிந்து, யார் வெல்வார் என்று தெரியாத நிலை. இரண்டாவதில் பசு எடுக்கும் காட்சி, மூன்றாவதில் இருவர் எதிரெதிரே ஆடும் முறை என்று போனால், முதல் மூன்று படங்களைப் பார்த்தவருக்கே ஆட்டம் விளங்கிவிடும். படத்தின் மேல் வாசகம் சேர்ப்பதானால் ஐந்தில் ஒரு பங்கு இடத்தைத் தாண்ட வேண்டாம். கூகுளின் வழிகாட்டுதலும் அதுதான். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஆட்டத்தில் இல்லாத மின்னல், தீப்பொறி, தங்க நாணயம் எதையும் படத்தில் வரையாதீர்கள். அதை நம்பி இறக்கியவர் முதல் ஆட்டத்திலேயே ஏமாந்து நீக்கிவிடுவார். அவர் விட்டுச்செல்லும் ஒற்றை நட்சத்திரம் பக்கத்தில் நீண்ட நாள் நிற்கும்.

சொற்கணக்கு:

தலைப்பு ஏன் ஏற்கப்படவில்லை என்பதை விளக்குகிறேன். நாம் எழுத்தை எண்ணுகிறோம். அந்தப் பெட்டி ஒருங்குறிக் (யூனிகோட்) குறியீடுகளை எண்ணுகிறது. "ழி" நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு ழகரமும் இகரக் குறியும் என இரண்டு. "ல்" என்பதும் புள்ளியோடு சேர்ந்து இரண்டு. அதனால் நம் கணக்கில் ஆறெழுத்துள்ள "பல்லாங்குழி" அங்கே 11 ஆகிறது. நீங்கள் விரும்பிய தலைப்பு 25 அல்ல, 41. "பல்லாங்குழி: சோழி விளையாட்டு" என்று வைத்துப் பாருங்கள், 28இல் அடங்கிவிடும். "தமிழர் பாரம்பரியம்" என்ற பெருமிதத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அதை வைத்து யாரும் தேடுவதில்லை. "பல்லாங்குழி" என்றுதான் தேடுவார்கள். தலைப்பில் "சிறந்த", "முதலிடம்", "இலவசம்" போன்ற சொற்களையும் சேர்க்க வேண்டாம். கூகுளின் விதிகளே அவற்றை அனுமதிப்பதில்லை.

குறுவிவரணைக்கு 80 குறியீடுகள். இது எனக்குத் தோன்றியது: "உங்கள் குழியில் நான்கு சோழி சேர்ந்தால் பசு உங்களுக்கு. இருவர் ஆடும் பல்லாங்குழி." கடைசி முற்றுப்புள்ளியோடு சரியாக 80. ஐகானில் விரல்கள் செய்யும் அதே செயலை இந்த வரி சொல்கிறது என்பதால்தான் இதைப் பரிந்துரைக்கிறேன். படம் ஒன்றைச் சொல்ல, சொல் வேறொன்றைச் சொன்னால் பார்ப்பவரின் மனத்தில் எதுவும் தங்காது.

முழு விவரணையில் 4000 வரை எழுதலாம் என்பதற்காக வரலாற்றில் தொடங்க வேண்டாம். பக்கத்தைத் திறப்பவர், தான் என்ன செய்யப்போகிறோம் என்பதையே முதலில் அறிய விரும்புகிறார். "ஒரு குழியின் சோழிகளை அள்ளுங்கள், ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டே போங்கள்" என்று தொடங்கி, ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு நேரமாகும், இணையம் இல்லாமல் ஆட முடியுமா, விளம்பரம் உண்டா என்பவற்றை நேராகச் சொல்லிவிடுங்கள். வரலாறு கடைசிப் பத்தியில் வரட்டும். இதே குடும்பத்து ஆட்டம் கன்னடத்தில் அளிகுளிமணே என்றும் தெலுங்கில் வாமன குண்டலு என்றும் வழங்குகிறது. அந்தப் பெயர்களைத் தமிழ் விவரணையில் அடுக்காமல், அந்தந்த மொழிக்குத் தனிப் பட்டியல் அமைத்து, அங்கே அவற்றையே தலைப்பாக்குங்கள். தொடர்பற்ற சொற்களை அடுக்குவது விதிமீறல் என்பது ஒருபுறமிருக்க, வாசிப்பவருக்கும் அது அலுப்பூட்டும்.

பழைய நிரலர்:

மேலே இருவர் சொன்னதையும் ஏற்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். செயலியை வெளியிடுவோர் பயன்படுத்தும் பிளே கன்சோலில் பட்டியல் சோதனை வசதி இருக்கிறது. வருபவர்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் பழைய ஐகானையும் மற்றவர்களுக்குப் புதியதையும் காட்டும். ஐகானையும் குறுவிவரணையையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் பதிவிறக்கம் கூடியது என்று தெரியாமல் போகும், ஆகவே ஒவ்வொன்றாக மாற்றுங்கள். வார நாள்களில் வருபவர்களும் விடுமுறையில் வருபவர்களும் வேறுபடுவதால் ஒரு வாரமாவது ஓடவிடுங்கள். தொடக்கத்தில் பக்கத்துக்கு வருபவர்கள் குறைவாக இருப்பார்கள், அந்த எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. அதுவரை உங்கள் அத்தையைப் போன்றவர்களிடம் எந்த விளக்கமும் சொல்லாமல் காட்டிக் கேளுங்கள்.

சோழிக்காரர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு தங்கை ஒற்றைக் குழி ஐகானை வரைந்தாள். அத்தையிடம் ஒன்றும் சொல்லாமல் கைபேசியை நீட்டினோம். "இன்னும் ஒண்ணு போட்டா பசு" என்றார். இன்னும் ஒரு சந்தேகம் மீதமிருக்கிறது. 1024க்கு 500 அளவுள்ள அகலப் படத்தில் அதே விரல்களை நடுவில் வைக்கலாமா?

ஓவிய மேசை:

முன்னோட்டக் காணொளி சேர்க்கும் எண்ணமிருந்தால் நடுவில் வைக்க வேண்டாம், ஓட்டும் பொத்தான் அங்கேதான் வந்து உட்காரும். விளிம்புகளிலிருந்தும் சற்று விலக்கி, விரல்களை இடப்பக்கத்தில் வைத்து, குழிகளின் வரிசை வலப்பக்கம் நோக்கி நீளும்படி வரையச் சொல்லுங்கள்.