மறு: ஈவ்ஸ்டிராப்பிங் – ஒட்டுக்கேட்டலா, ஒற்றறிதலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பூச்சிகளின் புலனும் நடத்தையும் குறித்த நம் தமிழ்ச் சொற்பட்டியலில் ஈவ்ஸ்டிராப்பிங் என்ற இந்த ஒரு சொல்தான் இன்னும் இழுபறியில் இருக்கிறது. ஒரு விலங்கு இன்னொன்றுக்கு விடும் சமிக்ஞையை மூன்றாவது விலங்கு பிடித்துத் தனக்குப் பயன்படுத்திக்கொள்வதுதான் அது. வந்த மடல்களுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> புலன்வழிச் சுரண்டல் என்று வைத்தால் என்ன? அடுத்தவர் சமிக்ஞையில் லாபம் பார்ப்பதுதானே.

இது வேண்டாம். அந்தச் சொல்லை சென்சரி எக்ஸ்பிளாய்ட்டேஷனுக்கு ஒதுக்கியிருக்கிறோம், அங்கே திசை நேர் எதிர். போலாஸ் சிலந்தி பெண் அந்துப்பூச்சியின் வாசனையைப் போலவே ஒன்றை வெளியிட்டு ஆண் அந்துப்பூச்சிகளை வரவழைக்கிறது. அங்கே ஏய்ப்பது சமிக்ஞை விடுபவர், ஏமாறுவது பெறுபவர். நம் சொல்லிலோ சமிக்ஞை பொய்யில்லை. யாருக்கோ போக வேண்டியதை மூன்றாவது ஆள் கேட்டுவிடுகிறார், அவ்வளவுதான்.

> ஒட்டுக்கேட்டல் ஊரறிந்த சொல். அது இருக்க இன்னொன்று எதற்கு?

சுவர்க்கோழி கதையோடு நின்றால் எனக்கும் இதுவே போதும். சொல்லப்போனால் இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஓர்மியா ஒக்ரேசியா என்ற ஈயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் சுவர்க்கோழி இறக்கைகளை உரசிப் பாடுவது பெண்ணைக் கூப்பிட. அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டு சூல்கொண்ட ஈ இருட்டில் வந்து இறங்கி, பாடகன் மேலும் சுற்றிலும் உயிருள்ள புழுக்களை விட்டுவிட்டுப் போகிறது. புழுக்கள் உடலுக்குள் துளைத்துப் போய்த் தின்று வளர்ந்து, ஒரு வாரம் பத்து நாளில் வெளியே வரும்போது சுவர்க்கோழி செத்துப்போகும். வில்லியம் கேட் என்ற ஆய்வாளர் 1975-இல் இதை வெளியிட்டார். ஒலிபெருக்கியில் பாட்டை ஓடவிட்டாலே ஈ வந்துவிடுகிறது.

இந்த ஈயின் காதைப் பற்றிச் சொல்லாமல் நகர மனமில்லை. தலைக்குப் பின்னால், மார்பின் முன்பக்கத்தில் இரண்டு செவிப்பறைகள், இடையில் அரை மில்லிமீட்டர்தான். ஒரு காதுக்கும் மறு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசம் ஒன்றரை மைக்ரோ செகண்ட் அளவில்தான் இருக்கும். இதை வைத்து எந்த நரம்பும் திசை கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இரண்டு பறைகளையும் ஒரு சிறு பாலம் இணைக்கிறது. ஒன்று அசைந்தால் மற்றதையும் அது இழுத்து, வித்தியாசத்தைப் பல மடங்கு பெருக்கித் தருகிறது. விளைவு, இரண்டு பாகை பிசகுக்குள் பாடகன் இருக்கும் பக்கம் தெரிந்துவிடுகிறது. ஈக்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மாதிரிக் காதே கிடையாது. அடுத்தவர் பாட்டைக் கேட்பதற்கென்றே பரிணமித்த உறுப்பு இது!

பாடுகிறவர் தரப்பும் சும்மா இருக்கவில்லை. ஹவாயின் கவாய் தீவில் சுவர்க்கோழியும் வந்தேறி, ஈயும் வந்தேறி. மார்லீன் ஸூக் என்ற உயிரியலாளர் அங்கே ஆண்டுக்கணக்காக ஆய்வு செய்துவந்தார். பாட்டு குறைந்துகொண்டே போய்க் கிட்டத்தட்ட நின்றே விட்டது. 2003-இல் தேடிப் போனால் ஏராளமான சுவர்க்கோழிகள், ஆனால் சத்தம் மட்டும் இல்லை. ஒரு மரபணு மாற்றத்தால் ஆண்களின் இறக்கையில் ஒலியெழுப்பும் அமைப்பு தேய்ந்து, அது பெண்ணின் இறக்கை போல ஆகியிருந்தது. 20 தலைமுறைக்குள் ஆண்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஊமை. பக்கத்து ஓவாஹு தீவிலும் ஊமை ஆண்கள் உண்டு, ஆனால் அங்கே நடந்தது தனியான வேறொரு மரபணு மாற்றம். ஒட்டுக்கேட்கிறவர் இருந்தால் பேச்சே மாறிவிடும் என்பதற்கு இவ்வளவு பளிச்சென்ற சான்று அபூர்வம்.

சரி, அப்புறம் ஏன் ஒட்டுக்கேட்டலை மறுக்கிறேன்? மரப்பட்டைக்குள் வாழும் பட்டை வண்டுகள் தம் இனத்தைக் கூப்பிடும் வாசனையை மோந்துகொண்டு அவற்றைத் தின்னும் கிளெரிட் வண்டுகள் வருகின்றன. அதையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால்தான் சொல்கிறார்கள். மூக்கால் ஒட்டுக்கேட்டது என்று பாடநூலில் எழுதினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆகவே பொதுச்சொல் ஒற்றறிதல். அதற்குள் ஒலிவழி நடப்பதற்கு மட்டும் ஒட்டுக்கேட்டல். பனாமாவில் துங்காரா தவளையின் குரலைக் கேட்டு வந்து கவ்விப் போகும் வௌவாலும் இந்த இரண்டாம் வகைதான்.

> ஒற்றன் என்றால் அனுப்ப ஓர் அரசன் வேண்டுமே. குறளில் ஒற்றாடல் அதிகாரமே அரசனுக்குச் சொன்னதுதான். ஈயை யார் அனுப்பினார்கள்?

நியாயமான கேள்வி. ஆனால் துப்பறிதலும் ஒருவர் ஏவித்தான் நடக்க வேண்டும் என்றில்லை. மறைந்திருந்து அறிதல் என்ற பொருள் நின்றால் போதும், அரசனை அரண்மனையிலேயே விட்டுவிடலாம். இலக்கணத்து ஒற்றோடு குழம்பும் என்று இன்னொருவர் பயந்திருந்தார். உயிரியல் புத்தகத்தில் யாரும் ஒற்றுப்பிழை தேடப்போவதில்லை. (தேடுகிறவர்கள் இந்தக் குழுவில்தான் இருக்கிறோம்.) ஒற்றறியும் விலங்குக்கு ஒற்றறிவி என்று போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. பட்டியலில் சாட்டிலைட் ஆணுக்குத் துணைக்கோள் ஆண் என்று இருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள், அது எதையும் சுற்றி வருவதில்லை. கவாய் தீவின் ஊமை ஆண்கள் செய்வது, மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு பாடகர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பாட்டைக் கேட்டு வரும் பெண்ணை நடுவழியில் மடக்குவது. ஒண்டுக்குடித்தனம் என்கிறோமே, அந்த ஒண்டுதல்தான். ஒண்டும் ஆண் என்பது என் பரிந்துரை. ஒண்டி ஆண் என்று சுருக்க வேண்டாம், தனியாள் என்று பொருள் போய்விடும். மறுப்பிருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் இந்தச் சொற்களைப் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.