கிரீன் கார்டு வந்தாச்சு, துப்பாக்கி வாங்கலாமா?

கேட்டி குமரன் | திங்கள், இரவு 9.40

அமெரிக்காவில் 11 வருடம் எச்1பி என்கிற தற்காலிக வேலை விசாவில் ஓட்டிய பிறகு, நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டு போன மாதம்தான் கைக்கு வந்தது. அதைக் கொண்டாடி முடிப்பதற்குள் எங்கள் தெருவில் (ஹூஸ்டனுக்கு மேற்கே, கேட்டி) நாலு வீடு தள்ளி ஒரு குஜராத்திக் குடும்பத்தின் வீட்டில் பட்டப்பகலில் கதவை உதைத்து உடைத்து, நகையை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இந்தியர் வீட்டில் தங்கம் இருக்கும் என்று தெரிந்தேதான் வருகிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ராணுவத்தில் இருந்தவர். மறுநாளே வந்து, "இனி உனக்குத்தான் தடை இல்லையே, சனிக்கிழமை கடைக்குப் போகலாம்" என்கிறார். அவர் சொல்வது சரிதான். தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவதை, வேட்டை உரிமம் மாதிரி ஓரிரு விலக்கு தவிர, மத்தியச் சட்டமே தடுக்கிறது. கிரீன் கார்டுக்கு அந்தத் தடை கிடையாது. மனைவி ஒரே பேச்சில் கூடாது என்றுவிட்டாள். பையனுக்கு 14 வயது.

ஆளுக்கொரு துப்பாக்கி இருந்தால் திருடன் பயப்படுவானா, இல்லை துப்பாக்கி குறைந்தால்தான் குற்றம் குறையுமா? இரண்டு கட்சிக்காரர்களும் இங்கே இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

இரட்டைக்குழல் | திங்கள், இரவு 10.15

வாங்குங்கள் தம்பி. நான் டாலஸ் பக்கம் 19 வருடமாக இருக்கிறேன், இரண்டு வைத்திருக்கிறேன்.

போலீஸ் வரும் என்று நம்புபவர்களுக்கு ஒரே ஊர்ப் பெயர் போதும்: யுவால்டி. 2022 மே மாதம், நம் டெக்சாஸில்தான். பள்ளிக்கு 376 போலீஸ்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். கொலைகாரன் வகுப்பறைக்குள், இவர்கள் நடையில். 77 நிமிடம். 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள். அதே வருடம் ஜூலையில் இண்டியானாவில் கிரீன்வுட் மாலில் ஒருவன் சுட ஆரம்பித்தான். 3 பேர் இறந்தார்கள். அங்கே சாப்பிட வந்திருந்த 22 வயதுப் பையன் இடுப்பில் வைத்திருந்த கைத்துப்பாக்கியால் 15 விநாடியில் அவனைச் சாய்த்தான். 77 நிமிடத்தையும் 15 விநாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சட்டம் இறுக்கினால் குற்றம் குறையும் என்றால் சிகாகோ சொர்க்கமாக இருக்க வேண்டும். 1982-லிருந்து 2010 வரை அங்கே கைத்துப்பாக்கிக்கே தடை. யார் கீழ்ப்படிந்தார்கள்? என்னை மாதிரி ஆட்கள்தான். கும்பல்காரன் கவுண்டரில் நின்று படிவம் நிரப்பியா வாங்கினான்?

யாரா ஓரம் | செவ்வாய், காலை 6.05

இங்கே மெல்பர்னிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன்.

1996 ஏப்ரல் 28. டாஸ்மேனியாவில் போர்ட் ஆர்தர் என்ற பழைய சிறைச்சாலைச் சுற்றுலாத் தலத்தில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். பிரதமர் ஜான் ஹோவர்ட் பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதுவும் வலதுசாரி. 12 நாளில் எல்லா மாநிலங்களையும் உட்காரவைத்து ஒப்பந்தம் போட்டார். அரைத் தானியங்கி வகை நீளத் துப்பாக்கிகளுக்குத் தடை, மற்றதெல்லாம் பதிவு, வாங்க 28 நாள் காத்திருப்பு. மக்களிடமிருந்து சுமார் 6,50,000 துப்பாக்கிகளை அரசே விலைகொடுத்து வாங்கி நசுக்கியது. அதற்காக ஒரு வருடம் மருத்துவக் காப்பீட்டு வரியில் 0.2 சதவீதம் கூடுதலாக வசூலித்தார்கள். ஹோவர்ட் கிராமத்து ஜனங்களிடம் பேசப் போனபோது கோட்டுக்குள் குண்டு துளைக்காத உடுப்பு போட்டுக்கொண்டு நின்ற படம் இன்றைக்கும் அடிக்கடி வரும். பிற்பாடு அதைப் போட்டதற்காக வருந்துவதாக அவரே சொன்னார்.

இங்கே உரிமம் கேட்டால் முதல் கேள்வியே "எதற்கு?" என்பதுதான். விவசாயம், வேட்டை, போட்டி என்று காரணம் காட்ட வேண்டும். "என்னைக் காத்துக்கொள்ள" என்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். குமரனின் பக்கத்து வீட்டுக்காரர் இங்கே வந்தால் பேச்சே எடுபடாது.

இரட்டைக்குழல் | செவ்வாய், காலை 7.30

"எல்லாம் சட்டத்தால்தான்" என்கிற தொனி வருகிறதே, அங்கேதான் எனக்கு உதைக்கிறது. ஆஸ்திரேலியாவில் துப்பாக்கிச் சாவு 1996-க்கு முன்பிருந்தே இறங்குமுகம். சட்டத்தால் அந்தச் சரிவு வேகம் பிடித்ததா இல்லையா என்று உங்கள் ஆய்வாளர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள்.

சரி, இதையும் பாருங்கள். 1991-ல் அமெரிக்காவில் லட்சத்துக்கு 9.8 கொலை. 2014-ல் 4.4. பாதிக்கும் கீழே. அந்த இடைவெளியில் துப்பாக்கி குறைந்ததா? கூடியது. இடுப்பில் வைத்து நடக்கும் உரிமையை மாநிலம் மாநிலமாகத் தளர்த்தினார்கள். அதற்கு உங்கள் கணக்கில் என்ன பதில்?

அப்புறம் உங்கள் சிட்னியின் பாண்டை. 2024 ஏப்ரலில் பாண்டை ஜங்ஷன் மாலில் ஒருவன் கத்தியால் 6 பேரைக் கொன்றான். 2025 டிசம்பரில் பாண்டை கடற்கரையில் யூதர்களின் பண்டிகைக் கூட்டத்தில் 15 பேரைச் சுட்டுக் கொன்றார்கள், சுட்டவர்களில் ஒருவர் உரிமம் வாங்கியவர். "எதற்கு?" என்று கேட்டுத்தானே கொடுத்தீர்கள்?

யாரா ஓரம் | செவ்வாய், காலை 8.10

பாண்டை கடற்கரை எங்களுக்கு இன்னும் ஆறாத புண். உரிமம் கொடுத்துவிட்டு அப்புறம் திரும்பியே பார்க்கவில்லை என்ற கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அதைப் பார்த்து இங்கே யாரும் "ஆளுக்கொன்று கொடுங்கள்" என்று கேட்கவில்லை, இன்னும் இறுக்குங்கள் என்றுதான் கேட்டார்கள்.

கத்தி பேச்சு எடுத்ததால் ஒரு தேதி. 2012 டிசம்பர் 14. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் செத்தார்கள். அதே நாள் சீனாவில் ஹெனான் மாகாணத்தில் ஒரு கிராமப் பள்ளியில் ஒருவன் கத்தியோடு புகுந்து 23 குழந்தைகளை வெட்டினான். ஒரு பிள்ளைகூடச் சாகவில்லை.

கரிசல் கணக்கன் | செவ்வாய், பகல் 12.20

விருதுநகரிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். எனக்குக் கிரீன் கார்டும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. புள்ளிவிவரம் பார்க்கிற வேலை.

இரட்டைக்குழல் அண்ணே, 90-களின் சரிவு உண்மை. ஆனால் அதைத் துப்பாக்கி தளர்வின் கணக்கில் எழுத முடியாது. ஜான் லாட் என்கிற பொருளாதார ஆய்வாளர் 1998-ல் அப்படித்தான் எழுதினார். அமெரிக்க தேசிய ஆய்வுக் குழு 2004-ல் அந்தத் தரவுகளைத் தோண்டிப் பார்த்துவிட்டு, தளர்வால் குற்றம் கூடியது என்றும் சொல்ல முடியாது, குறைந்தது என்றும் சொல்ல முடியாது என்று கையை விரித்தது. மாற்றுக் கட்சியும் ரொம்பக் குதிக்க வேண்டாம். 2020-ல் ஒரே வருடத்தில் கொலை 30 சதவீதம் போல எகிறியது, துப்பாக்கி விற்பனையும் எகிறியது. "பார்த்தீர்களா" என்றார்கள். 2023, 2024-ல் கொலை மளமளவென்று இறங்கியது. வாங்கிய துப்பாக்கியை யாரும் திருப்பிக் கொடுத்துவிடவில்லையே.

சிகாகோவை இழுக்கிறவர்கள் வரைபடத்தையும் இழுக்க வேண்டும். நகரத்தின் விளிம்பிலேயே இண்டியானா மாநிலம். 2017-ல் நகர நிர்வாகம் வெளியிட்ட அறிக்கைப்படி, குற்றங்களில் பிடிபட்ட துப்பாக்கிகளில் ஏறக்குறைய 60 சதவீதம் வெளிமாநிலத்தில் முதலில் விற்கப்பட்டவை. ஐந்தில் ஒன்று இண்டியானாவிலிருந்து. பாண்டிச்சேரி எல்லையில் இருந்துகொண்டு கடலூரில் மட்டும் மதுவிலக்கு போட்ட மாதிரி. மறுபக்கம் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், 2018-ல் இறுக்கும்வரை வெர்மான்டும். துப்பாக்கிச் சட்டம் ரொம்பத் தளர்வு, கொலை ரொம்பக் கம்மி. அது ஏன் என்று யாரா ஓரமும் சொல்ல வேண்டும்.

என் வாதம் வேறு. இந்த இழையின் கேள்வியே கொஞ்சம் கோணல். 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் 48,830 பேர் செத்தார்கள். அதில் கொலை 20,958. தற்கொலை 26,328. பாதிக்கு மேல் திருடனுக்கும் கும்பலுக்கும் சம்பந்தமே இல்லாத சாவு, பெரும்பாலும் வீட்டுக்குள் நடப்பது. நாம் எல்லோரும் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ராண்ட் என்கிற அமெரிக்க ஆய்வு நிறுவனம் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைச் சலித்து வைத்திருக்கிறது. பல சட்டங்களுக்கு "தெளிவில்லை" என்றுதான் பதில். தெளிவாகத் தெரிவதில் முக்கியமான ஒன்று, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டிவைக்கச் சொல்லும் சட்டம். அது இளம்பிள்ளைகளின் தற்கொலையையும் விபத்தையும் குறைக்கிறது. இன்னொன்று, பின்வாங்க வழி இருந்தாலும் சுடலாம் என்கிற சட்டம். அது துப்பாக்கிக் கொலையைக் கூட்டுகிறது.

இரட்டைக்குழல் | செவ்வாய், பகல் 1.05

தற்கொலையைக் கொண்டுவந்து குற்றக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. குமரன் கேட்டது திருடனைப் பற்றி.

சட்டம் சட்டம் என்கிறீர்கள், நம் நாட்டில் 1959-லிருந்து ஆயுதச் சட்டம் இருக்கிறது. பீகாரில் முங்கேர் பக்கம் பட்டறை பட்டறையாகக் கள்ளத் துப்பாக்கி அடிக்கிறார்கள். உங்கள் பக்கம் வீச்சரிவாளுக்கு யார் உரிமம் கொடுத்தார்கள்?

கரிசல் கணக்கன் | செவ்வாய், பகல் 1.20

அரிவாள் எங்கள் ஊர் அவமானம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரிவாளோடு வருகிறவனைக் கண்டு ஓடலாம் அண்ணே. ஓடித் தப்பியவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் டீக்கடை வைத்திருக்கிறார்.

நைட் ஷிஃப்ட் | புதன், அதிகாலை 4.50

பொதுவாக நான் எழுதுவதில்லை. ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நர்ஸ். இப்போது இடைவேளை.

குமரன் அண்ணா, நான் பார்த்தவரை சொல்கிறேன். திருடனைச் சுட்ட வீட்டுக்காரர் என்று ஒருவரை ஒரே ஒருமுறை பார்த்தேன். வீட்டுத் துப்பாக்கியால் அடிபட்ட வீட்டுக்காரர்களை எண்ணவில்லை, எண்ணக்கூடாது என்று வைத்திருக்கிறேன். போன வருடம் 13 வயதுப் பையன் ஒருவன் வந்தான். அலமாரியின் மேல்தட்டு, ஷூ டப்பா, அதற்கு மேலே குளிருக்கான ஸ்வெட்டர்கள். தம்பிக்குக் காட்டுவதற்காக எடுத்திருக்கிறான். தோட்டா இல்லை என்று நினைத்தான். தோட்டா அடைக்கும் மேகசினைக் கழற்றிவிட்டானாம், குழலுக்குள் ஒன்று ஏறியிருப்பது தெரியாது. இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அப்பா வெளியே நாற்காலியில் உட்கார்ந்து "டப்பா அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது" என்று போலீஸ்காரரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். 17 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்குக் கிடைக்கிற மாதிரி வைத்தால் டெக்சாஸிலும் அது குற்றம்தான். இது நிறையப் பேருக்குத் தெரியாது.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

இரட்டைக்குழல் | புதன், காலை 7.45

தங்கச்சி சொன்னதைப் படித்துவிட்டு எழுந்துபோய் என் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். ஷூ டப்பாவில் வைப்பவனைப் பார்த்தால் எனக்கும் கோபம்தான். ஆனால் அது வைக்கத் தெரியாதவன் தப்பு, வைத்திருப்பவன் எல்லோருடைய தப்பும் இல்லை.

என் பெயர்க் காரணம் சொல்கிறேன். தேனிப் பக்கம் எங்கள் தாத்தாவிடம் ஓர் இரட்டைக்குழல் இருந்தது, தோட்டத்துக் காவலுக்கு. பன்றி வந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். தேர்தல் அறிவித்ததும் அதைத் துணியில் சுற்றி சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ரைட்டர் ரசீது எழுதித் தருவார். எண்ணிக்கை முடிந்து திரும்ப வாங்கும்வரை தாத்தாவுக்குத் தூக்கம் கிடையாது. பன்றிகளும் பேப்பர் படிக்குமோ என்னவோ, சரியாக அந்த மாதம்தான் வரும்.

கரிசல் கணக்கன் | புதன், காலை 8.00

தாத்தா அதை வைத்து எத்தனை பேரைச் சுட்டார்?

இரட்டைக்குழல் | புதன், காலை 8.02

ஒருவரையும் இல்லை. அதுதானே என் கட்சி.

கரிசல் கணக்கன் | புதன், காலை 8.10

என் கட்சியும் அதுதான் அண்ணே. கலெக்டர் கையெழுத்து, போலீஸ் விசாரணை, உரிமம் புதுப்பிப்பு, தோட்டாவுக்குக் கணக்கு, தேர்தல் வந்தால் ஸ்டேஷன். இத்தனையும் போட்ட துப்பாக்கி அது. டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து 21 வயதான ஆள், சட்டத் தடை எதுவும் இல்லாவிட்டால், உரிமமே இல்லாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகலாம். இரண்டும் ஒன்றா?

இரட்டைக்குழல் | புதன், காலை 8.25

ஒன்றில்லை. ஆனால் தாத்தா கலெக்டர் ஆபீசுக்கு ஏழு தடவை நடந்தார். கையில் காசும் தெரிந்த ஆளும் இல்லாத பக்கத்துத் தோட்டக்காரருக்கு அந்தக் கையெழுத்து கடைசிவரை கிடைக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

யாரா ஓரம் | புதன், காலை 8.40

இந்த ஒரு இடத்தில் அண்ணனுக்கு ஓட்டு.

கேட்டி குமரன் | ஞாயிறு, மாலை 5.30

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் பெரியவரோடு கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வளையல் கடை மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். 4473 என்று ஒரு படிவம், கிரீன் கார்டு எண் உட்பட எல்லாம் எழுதிக் கையெழுத்து. கடைக்காரர் எஃப்பிஐ-க்குச் சரிபார்க்க அனுப்பினார். பெரியவர் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும் என்றார். எனக்கு "தாமதம்" என்று வந்தது. மூன்று வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் கடைக்காரர் விரும்பினால் கொடுத்துவிடலாமாம். அதாவது வியாழனோ வெள்ளியோ. தனியாரிடம் வாங்கினால் இந்தச் சோதனையும் தேவையில்லை என்று பக்கத்தில் நின்றவர் தானாகவே வந்து சொன்னார்.

மனைவி அதற்குள் நகையைக் கொண்டுபோய் பேங்க் லாக்கரில் வைத்துவிட்டாள். "இனி எதைக் காவல் காக்கப் போகிறாய்?" என்கிறாள். வாசல் கதவு நிலையில் ஸ்க்ரூ முக்கால் அங்குலம்தான் இருந்தது, உதைத்தால் பெயராமல் என்ன செய்யும்? மூன்று அங்குல ஸ்க்ரூ மாற்றினோம். பையன்தான் டிரில் பிடித்தான்.

நைட் ஷிஃப்ட் சொன்னதால் துப்பாக்கிப் பெட்டியும் விசாரித்தேன். நாலு இலக்க எண் போட்டுத் திறப்பது. வீடு திரும்பும்போது காரில் யோசித்தேன்: கராஜ், அலாரம், ஐபேட், எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் ஒரே எண். அதை வைத்துக் கொடுத்ததே பையன்தான். இன்னும் முடிவு செய்யவில்லை.

இரட்டைக்குழல் | ஞாயிறு, மாலை 5.41

வேறு எண் வையுங்கள் தம்பி. அவன் பிறந்த நாளை வைத்துவிடாதீர்கள்.