குழந்தை வந்ததுல இருந்து எங்க சிப்பிப்பாறை சரியில்ல, என்ன பண்றது?

திருநகர் அப்பா:
வணக்கம்ங்க. எங்க வீட்ல சிப்பிப்பாறை ஆண் நாய், பேரு கருப்பன், நாலு வயசு. வீட்ல பிரசவத்துக்கு அவங்க அம்மா வீட்டுக்குப் போய்ட்டு மூணு மாசம் முடிஞ்சு இப்பத்தான் பிள்ளையோட வந்தாங்க, அதுல இருந்து இவன் ஒரு மாதிரியா இருக்கான். சோத்த மோந்து பாத்துட்டு போயிடுறான், உள்ள ஒண்ணுக்கே போகாதவன் பிள்ளை துணி வச்ச கூடையில காலத் தூக்குறான். நேத்து தூளி ஆடுறப்ப அசையாம அதையே பாத்துக்கிட்டு நின்னான், நான் கழுத்துப்பட்டைய பிடிச்சதும் உறுமிட்டான். அப்பா கம்ப எடுத்துட்டாரு. அம்மா மொட்ட மாடியில கட்டு, இல்ல உசிலம்பட்டி தோட்டத்துல விட்ருங்குறாங்க. எனக்கு பிள்ளையும் வேணும் இவனும் வேணும்ங்க.

செல்லூர்க்காரன்:
தம்பி, உறுமுனதுக்கு அடிக்க விட்றாதீங்க. உறுமுறது அவன் தள்ளிப் போன்னு சொல்றது, அடிச்சா பயம் போகாது, சத்தம் மட்டும் போயிடும், அடுத்த தடவ சொல்லாமயே கடிச்சிரும். உறுமலுக்கு முன்னாடியே தெரியும், சும்மா சும்மா உதட்ட நக்கும், தூக்கம் வராமயே கொட்டாவி விடும், மூஞ்சிய திருப்பிக்கிட்டு வெள்ள முழி தெரிய ஓரமா பாக்கும். அப்பவே பேரச் சொல்லி வெளிய கூப்பிட்ருங்க, பட்டைய பிடிச்சு இழுக்காதீங்க.

தூளிதான் எனக்கு பயமா இருக்கு. முயல் வேட்டைக்கு வளத்த ஜாதி அது, ஓடுறத ஆடுறத கண்ணால பாத்து தொரத்துறது ரத்தத்துலயே இருக்கு. சேலைக்குள்ள ஏதோ அசையுது, சிணுங்குது, நம்ம பிள்ளைன்னு அதுக்கு எப்படித் தெரியும்? தூளி இருக்குற ரூமுக்குள்ள அவன் வரவே வேணாம். சின்ன கேட்ட எல்லாம் தாண்டிருவான், கதவையே சாத்துங்க. ஒரு நிமிசம்கூட ரெண்டையும் தனியா விடாதீங்க.

மேலூர் அக்கா:
நம்ம வீடுகள்ல பிள்ளை தூங்குனப்புறம்தான் நாயக் கொஞ்சுறோம், பிள்ளை முழிச்சா போ போன்னு வெரட்டுறோம். அப்ப அது என்ன நினைக்கும்? தலைகீழா மாத்துங்க தம்பி. பிள்ளைய மடியில வச்சு பிள்ளையோட அம்மா ஹால்ல உக்காரட்டும், நீங்க கருப்பனோட கயித்தப் பிடிச்சு நல்லா தள்ளி உக்காந்து அவிச்ச கோழிய பிச்சுப் பிச்சு குடுங்க, பிள்ளைய உள்ள தூக்குனதும் கோழியும் நிக்கணும். எங்க நாய் ராமு மொதல்ல நிலைப்படியத் தாண்டவே மாட்டான், அப்புறம் பிள்ளை சிணுங்குனா வால ஆட்டிக்கிட்டு என் கையத்தான் பாப்பான். காலையில நடக்க கூட்டிட்டுப் போறத மட்டும் நிறுத்திராதீங்க, வெயிலுக்கு முந்தி திருப்பரங்குன்றம் பக்கமா ஒரு நடை போய்ட்டு வாங்க. மொட்ட மாடி வேணவே வேணாம், நம்ம ஊர் வெயில்ல தளம் கொதிக்கும், கட்டியே கிடந்தா இன்னும் மூர்க்கமாத்தான் ஆகும்.

அலங்காநல்லூர் மாமா:
எல்லாஞ் சரி, மொதல்ல டாக்டர்ட்ட காட்டுங்க. சாப்பிடாம இருக்குறதுக்கும் உள்ள ஒண்ணுக்கு போறதுக்கும் வலியோ நீர்க்கடுப்போ காரணமா இருக்கலாம். பூச்சி மருந்து மூணு மாசத்துக்கு ஒருக்க, வெறிநாய்க்கடி ஊசி வருசா வருசம். தப்பித்தவறி பல்லோ நகமோ பட்டா மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காம சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிட்டு நேரா பெரியாஸ்பத்திரிக்கு போயிருங்க. பிள்ளை தவழ ஆரம்பிக்கிறப்ப திரும்ப ஒரு மாத்தம் வரும், அப்பவும் சரிப்படலன்னா நல்லா பாத்துக்குற ஆளுட்ட தோட்டத்துல விடுறது பாவம் கிடையாது.

திருநகர் அப்பா:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். தூளிய பின்ரூமுக்கு மாத்தியாச்சு, நாளைக்கு டாக்டர்ட்ட போறோம். அக்கா, கோழிக்கு உப்பு போடலாமா?

மேலூர் அக்கா:
உப்பு, மசாலா ஒண்ணும் வேணாம். வெங்காயம் பூண்டு சேக்கவே கூடாது, நாய்க்கு ஆகாது. எலும்ப எடுத்துட்டு சும்மா தண்ணியில அவிங்க.