ஃபோர்டு டிரக்குக்கு எந்த எக்ஸாஸ்ட் வாங்கலாம்? அவசரம்

கேட்டி_குமரன்:
வணக்கம். டெக்சாஸில் ஹூஸ்டன் பக்கம், கேட்டியில் இருக்கிறேன். டிரக்குக்கு வேறு எக்ஸாஸ்ட், அதாவது புகைக்குழாய் அமைப்பு, போட வேண்டும். நெடுஞ்சாலையில் சத்தம் தாங்க முடியவில்லை. ஆனால் வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) சத்தம் சுத்தமாகப் போய்விடவும் கூடாது. ஸ்பிரிங் பிரேக் விடுமுறைக்கு டிரெய்லர் இழுத்துக்கொண்டு பிக் பெண்ட் பூங்காவுக்குப் போகிறோம், அதற்குள் முடிக்க வேண்டும். எந்த பிராண்டு நல்லது?

வி8_பிரியன்:
போர்லா. கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்.

சேலம்_டு_டிட்ராய்ட்:
எந்த டிரக்? எந்த வருடம்? எந்த எஞ்சின்? கேப் (ஆள் உட்காரும் பகுதி) எது, பெட் (பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி) நீளம் என்ன?

பழைய_ஸ்பேனர்:
இந்த இழைகளில் பல வருடமாக இதே கதைதான். பிராண்டு கேட்கிறார்கள், வண்டியைச் சொல்வதில்லை. தம்பி, ஃபோர்டின் பெரிய சூப்பர் டியூட்டி வரிசைக்கு கேட்-பேக் கிட் (புகையைச் சுத்தம் செய்யும் கன்வர்ட்டருக்குப் பின்னால் வரும் குழாய், மஃப்ளர் எல்லாம் சேர்ந்தது) வீல்பேஸ், அதாவது முன் பின் அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம், பார்த்துத்தான் விற்கிறார்கள். நான்கு கதவு க்ரூ கேபில் சின்ன பெட் என்றால் 160 அங்குலம், 8 அடி பெட் என்றால் 176. அது தெரியாமல் வாங்கினால் பின்பக்கக் குழாய் அதைத் தாங்கும் ஹேங்கரில் உட்காரவே உட்காராது. முதலில் விவரத்தைப் போடுங்கள், அப்புறம் பேசலாம்.

கேட்டி_குமரன்:
மன்னிக்கவும் அண்ணா, அவசரத்தில் எழுதினேன். 2018 எஃப்-250 சூப்பர் டியூட்டி, 6.2 லிட்டர் பெட்ரோல், க்ரூ கேப், சின்ன பெட்.

சாக்ரமென்டோ_செல்வி:
95 டெசிபெல் வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் எங்கள் ஊரில் அபராதம்.

பழைய_ஸ்பேனர்:
அம்மா, கலிஃபோர்னியாவின் அந்த 95 எண் மொத்த எடைத் தகுதி (வண்டியும் சுமையும் சேர்ந்து அனுமதித்த எடை) 6000 பவுண்டுக்குக் குறைந்த வண்டிகளுக்கு. இது 10,000 பவுண்டு வண்டி. அதுவும் அவர் இருப்பது டெக்சாஸில்.

சாக்ரமென்டோ_செல்வி:
சரி அண்ணா. ஆனால் டெக்சாஸிலும் மஃப்ளர் (சைலன்சர்) நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2025 ஜனவரியோடு நின்றது பாதுகாப்புச் சோதனை மட்டும்தான். ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட் உட்பட 17 கவுண்டிகளில் (மாவட்டங்களில்) புகைச் சோதனை அப்படியே தொடர்கிறது. அதனால் கன்வர்ட்டரில் மட்டும் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

சேலம்_டு_டிட்ராய்ட்:
குமரன், சத்தம் எப்போது அதிகம்? டிரெய்லரோடு போகும்போதா, காலியாகப் போகும்போதா? எந்த வேகத்தில்?

கேட்டி_குமரன்:
காலியாக, 70 மைலில். காதை அடைக்கிற மாதிரி ஊம் என்று ஒரே சுருதி. பின்சீட்டில் பெண்ணுக்குத் தலைவலியே வந்துவிடுகிறது. டிரெய்லர் மாட்டி மேட்டில் ஏறும்போது அவ்வளவு இல்லை.

சேலம்_டு_டிட்ராய்ட்:
விடாமல் வரும் அந்த ஊம் சத்தத்துக்குப் பெயர் ட்ரோன். இந்த வண்டி 70 மைலில் கிட்டத்தட்ட 1800 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றுகள்) ஓடும். வி8 ஒரு சுற்றுக்கு நான்கு முறை வெடிக்கிறது, அதாவது நொடிக்கு 120. அந்த 120 ஹெர்ட்ஸ் கேபினுக்குள் அப்படியே அதிர்கிறது. மேட்டில் கியர் இறங்கி ஆர்.பி.எம். ஏறுவதால் சுருதி மாறிவிடுகிறது. அதனால்தான் அங்கே தெரியவில்லை. கம்பெனி மஃப்ளரோடு இப்படி வராதே. அடியில் படுத்துப் பார்த்தீர்களா?

கேட்டி_குமரன்:
ஓ, அதைச் சொல்லவில்லை. டிரக் செகண்ட் ஹேண்ட். பழைய ஓனர் மஃப்ளரை வெட்டிவிட்டு நேர்க் குழாய் வெல்ட் செய்திருக்கிறார்.

பழைய_ஸ்பேனர்:
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நெல்லை_டீசல்:
மஃப்ளர் இல்லை என்றால் பேக் பிரஷர் (வெளியேறும் புகைக்கு எதிரான அழுத்தம்) போச்சு. பேக் பிரஷர் இல்லாமல் பெட்ரோல் வண்டியில் லோ-எண்ட் டார்க், அதாவது குறைந்த ஆர்.பி.எம்.மில் இழுவிசை, வராது. டிரெய்லர் இழுக்கிறவர் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

வி8_பிரியன்:
இது பழங்கதை. எந்த எஞ்சினும் பேக் பிரஷரைக் கேட்பதில்லை. புகை வேகமாக வெளியேறும்போது அடுத்த சிலிண்டரின் புகையையும் சேர்த்து இழுக்கிறது, டார்க்குக்கு உதவுவது அதுதான். அதுவும் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையை ஒன்று சேர்க்கும் பாகம்) பக்கம் நடக்கிற விஷயம். கன்வர்ட்டரைத் தாண்டிய பிறகு 3 அங்குலமா 3.5 அங்குலமா என்பதில் பெரிய வித்தியாசம் தெரியாது.

நெல்லை_டீசல்:
என் அப்பா இருபது வருடம் லாரி ஓட்டியவர். சைலன்சர் ஓட்டையானால் இழுவை குறையும் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வி8_பிரியன்:
ஓட்டை எங்கே என்பதைப் பொறுத்தது சகோ. புகையால் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அழுத்தும் டர்போவுக்கு முன்னால் கசிந்தால் நிச்சயம் குறையும். அதற்கும் பேக் பிரஷருக்கும் சம்பந்தம் இல்லை.

நெல்லை_டீசல்:
அனுபவத்தை இப்படி ஒரே வரியில் தள்ளாதீர்கள்.

பழைய_ஸ்பேனர்:
இருவரும் வேறு இழை திறந்து பேசுங்கள். குமரன், காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிக்-டிக் என்று சத்தம் வந்து, சூடானதும் மறைகிறதா? இந்த 6.2-இல் மேனிஃபோல்டு போல்ட்டுகள் உடையும். பெரும்பாலும் கடைசி போல்ட், கேபின் சுவர்ப் பக்கம். சக்கரத்துக்கு மேலே உள்ள மறைப்பை (வீல் வெல் லைனர்) கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டும் மேனிஃபோல்டும் சேரும் இடத்தில் கரிக்கோடு ஓடியிருந்தால் கசிவு உறுதி. அதைச் சரிசெய்யாமல் பின்னால் எவ்வளவு விலையுள்ள கிட்டைப் போட்டாலும் அந்த டிக் சத்தம் கூடவே வரும். ஆக்ஸிஜன் சென்சாரும் தப்பாகக் காட்டும்.

சேலம்_டு_டிட்ராய்ட்:
ஸ்பேனர் அண்ணா சொன்னதை முதலில் பாருங்கள். மஃப்ளருக்கு என் யோசனை: முழு கேட்-பேக் இப்போதைக்கு வேண்டாம். கேட்-பேக் மாட்டுகிற நிறையப் பேர் கழற்றிய கம்பெனி மஃப்ளரை மலிவாக விற்கிறார்கள். அமைதிக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. கொஞ்சம் சத்தம் வேண்டும் என்றால் வெட்டிய இடத்தில் 24 அங்குல உடல் உள்ள ஸ்ட்ரெய்ட்-த்ரூ மஃப்ளரை வெல்ட் செய்யச் சொல்லுங்கள். உள்ளே துளைபோட்ட குழாய், சுற்றிலும் பஞ்சு. உடல் பெரிதாக இருந்தால் ட்ரோன் குறையும். உள்ளே தடுப்பு அறைகள் வைத்த குட்டையான சேம்பர் வகை வேண்டாம், ஸ்டார்ட்டில் கேட்க நன்றாக இருக்கும், நெடுஞ்சாலையில் மறுபடி இதே தொல்லை. அதற்கும் பிறகு ஊம் மிச்சம் இருந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்தில், முனை அடைத்த கிளைக் குழாய் ஒன்றைப் பக்கவாட்டில் வைத்து அந்த 120 ஹெர்ட்ஸை மட்டும் அடக்கலாம்.

சாக்ரமென்டோ_செல்வி:
ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி விற்றால் காந்தம் வைத்துப் பாருங்கள். 409 ரகத்தில் ஒட்டும், 304 ரகத்தில் அநேகமாக ஒட்டாது. சாலையில் உப்புப் போடாத ஹூஸ்டன் பக்கத்துக்கு 409 தாராளம். அதிக விலை கொடுக்க வேண்டாம்.

வி8_பிரியன்:
குமரன், என்ன ஆச்சு?

நெல்லை_டீசல்:
ஆளைக் காணோம்.

கேட்டி_குமரன்:
போய்விட்டு வந்துவிட்டோம். பெரிய ஸ்ட்ரெய்ட்-த்ரூ மஃப்ளர்தான் போட்டேன். 70 மைலில் இப்போது பேச முடிகிறது, பெண் தூங்கிக்கொண்டே வந்தாள். வலப்பக்கம் கடைசி போல்ட் தலையே இல்லை, கரியும் இருக்கிறது. அடுத்த மாதம் எடுக்கக் கொடுத்திருக்கிறேன். ஸ்பேனர் அண்ணாவுக்கும் டிட்ராய்ட் அண்ணாவுக்கும் நன்றி.

பழைய_ஸ்பேனர்:
உடைந்த போல்ட்டை ஹெட்டைக் கழற்றாமலே எடுக்கலாம். நட்டை வைத்து வெல்ட் செய்து திருப்பத் தெரிந்த ஆளா என்று கேட்டுவிட்டு வண்டியை விடுங்கள்.

வி8_பிரியன்:
எந்த மாடல் மஃப்ளர்? ஸ்டார்ட் செய்யும் வீடியோ இருந்தால் போடுங்களேன்.