மருத்துவமனைக்காக மக்களிடம் கருத்துக் கேட்கச் சொல்லிவிட்டார்கள், எப்படிக் கேட்பது?

புதுக்குழு_உறுப்பினர்:

வணக்கம். எங்கள் பகுதி மருத்துவமனைக் குழுவில் பொதுமக்கள் சார்பாக என்னைப் போட்டிருக்கிறார்கள். மாதம் ஒரு கூட்டம், சம்பளம் எதுவும் கிடையாது. போன கூட்டத்தில் "மக்களிடம் கருத்துக் கேட்டு வாருங்கள், சேவையை மேம்படுத்தலாம்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் தலையாட்ட, வேலை என் தலையில் விழுந்துவிட்டது. மூன்று மாதம் அவகாசம். மருத்துவமனை மட்டும் என்றால் பரவாயில்லை, நடமாட முடியாதவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்புச் சேவையையும் இதில் சேர்த்திருக்கிறார்கள்.

நானும் ஆர்வத்தில் 32 கேள்விகளோடு ஒரு படிவம் அடித்து, வெளிநோயாளிகள் வெளியேறும் வாசலில் இரண்டு நாள் காலையில் நின்று 60 பேரிடம் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் "நன்று", "மிக நன்று". இதை அப்படியே கொடுத்தால் நிர்வாகம் சந்தோஷப்படும், எனக்கும் வேலை முடியும். ஆனால் ஒரு வயதான அம்மா எல்லாவற்றுக்கும் "மிக நன்று" என்று குறித்துக் கொடுத்துவிட்டு, போகிறபோது, "மூணு மணி நேரம் நின்னு கால் மரத்துப்போச்சு தம்பி, உட்கார ஒரு இடம் போடச் சொல்லுங்களேன்" என்றார். அது அந்த 32 கேள்விகளில் எங்கேயுமே வரவில்லை.

படிவத்தைத் தூக்கிப் போடலாமா, திருத்தலாமா? மருத்துவமனைப் பக்கமே வராதவர்களை எப்படிப் பிடிப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_நர்ஸ்:

தம்பி, வாசலில் நின்று கேட்டால் இப்படித்தான் வரும். நாளைக்கும் அதே கவுண்ட்டரில் போய் நிற்க வேண்டியவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துக் குறை சொல்வார்களா? உங்கள் கழுத்தில் குழுவின் அடையாள அட்டை வேறு தொங்கியிருக்கும். பயம் ஒரு பக்கம், மரியாதை ஒரு பக்கம், பிழைத்து வந்துவிட்டோம் என்ற நன்றி இன்னொரு பக்கம். மூன்றும் சேர்ந்துதான் "மிக நன்று" ஆகிறது. முப்பது வருடம் வார்டில் இருந்தவள் சொல்கிறேன், காய்ச்சல் இறங்கி வீட்டுக்குப் போகிறவரிடம் என்ன கேட்டாலும் கைகூப்புவார்.

அதனால் "எப்படி இருந்தது" என்று கேட்காதீர்கள், "என்ன நடந்தது" என்று கேளுங்கள். "மருத்துவரின் அணுகுமுறை திருப்தியா?" என்பதற்கு யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. அதற்குப் பதிலாக, கொடுத்த மாத்திரையை எத்தனை நாள், எந்த வேளை போடவேண்டும் என்று யாராவது சொன்னார்களா, வீட்டுக்குப் போனபிறகு உடம்பு மோசமானால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியுமா, இன்றைக்கு வந்ததில் எந்த இடத்தில் அதிக நேரம் காத்திருந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். யாரையும் குறை சொல்கிறோம் என்ற உறுத்தல் இல்லாமல் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். நிர்வாகத்துக்கும் எதைச் சரிசெய்வது என்று புரியும்.

இங்கிலாந்தில் என்எச்எஸ் (அந்நாட்டின் அரசு சுகாதாரச் சேவை) மருத்துவமனைகளில் 2013இல் ஒரு கேள்வி கொண்டுவந்தார்கள்: "இந்தச் சேவையை உங்கள் நண்பர்களுக்கும் குடும்பத்துக்கும் பரிந்துரைப்பீர்களா?" நெஞ்சுவலி வந்தவர் ஆம்புலன்ஸ் எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போகிறார், அவர் யாருக்கு எதைப் பரிந்துரைக்க? 2020இல் அந்தக் கேள்வியையே மாற்றிவிட்டார்கள். அவர்களுக்கே ஏழு வருடம் பிடித்தது என்றால் நீங்கள் இரண்டு நாளில் நொந்துபோக வேண்டாம்.

வீட்டுப் பராமரிப்பு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பார்த்துக்கொள்ளும் பெண் அதே அறையில் நிற்கும்போது அந்தப் பெரியவரிடம் கேட்டால் என்ன பதில் வரும்? அந்தப் பெண் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். மகனோ மகளோ முந்திக்கொண்டு "அப்பாவுக்கு எல்லாம் சௌகரியம்" என்பார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அது அப்பா சொன்னது ஆகாது. இருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள்.

எண்கணக்கன்:

அக்கா சொன்னதில் எனக்கு முக்கால் உடன்பாடு. ஆனால் எண்ணிக்கையே வேண்டாம் என்று போய்விடாதீர்கள். ஒருவர் கதை சொன்னால் "அது ஒரு நாள் நடந்தது" என்று நிர்வாகம் ஒதுக்கிவிடும், 60இல் 41 பேருக்கு மாத்திரை விவரம் தெரியவில்லை என்று போட்டால் (எண் சும்மா உதாரணத்துக்கு) ஒதுக்க முடியாது. எண் இல்லாத கதையும் கதை இல்லாத எண்ணும் கூட்டத்தில் பாதி தூரம்தான் போகும்.

உங்கள் 60 பேரில் எனக்குத் தெரியும் சிக்கல் வேறு. இரண்டு நாள், இரண்டும் காலை, இரண்டும் ஒரே வாசல். மாலையில் வேலை முடித்து வருகிறவர்கள் இல்லை, இரவில் அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் இல்லை, வரிசையைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் இல்லவே இல்லை. சேவை யாருக்குக் கிடைக்கவில்லையோ அவர்களைத் தவிர மற்ற எல்லோரிடமும் கேட்டிருக்கிறீர்கள். கியூஆர் கோடு ஒட்டி ஆன்லைனில் வாங்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், செய்யுங்கள், ஆனால் அதில் வருகிறவர்கள் ஏற்கனவே வாயுள்ளவர்கள்தான். படிக்கத் தெரியாதவர், காது கேளாதவர், வேறு மொழி பேசும் கூலி வேலைக்காரர், பிள்ளையைத் தனியே விட்டு வெளியே வரமுடியாத தாய், மனநலச் சிகிச்சைக்குப் போவதை வெளியே சொல்லாதவர், இவர்கள் இருக்கும் இடத்துக்கு நீங்கள்தான் போகவேண்டும். அவர்கள் ஏற்கனவே நம்புகிற ஆளோடு போவது உத்தமம்.

இன்னொன்று, எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். உகாண்டாவில் 50 கிராமப்புற மருத்துவ நிலையங்களை வைத்து ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. அதில் பாதி இடங்களில் சேவையின் நிலையை ஊருக்கே அட்டை போட்டுக் காட்டி, மக்களும் ஊழியர்களும் முதலில் தனித்தனியாக, பிறகு ஒன்றாக உட்கார்ந்து எதை மாற்றுவது என்று எழுதிக்கொண்டார்கள். ஒரே வருடத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு மற்ற ஊர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று முடிவு. உலகமே கொண்டாடியது. அப்புறம் அதே நாட்டில் 376 நிலையங்களில் பெரிதாகச் செய்து பார்த்தால் சிகிச்சையின் தரமும் மக்களின் திருப்தியும் கொஞ்சம் கூடின, இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தபிறகுதான் எனக்குத் தெளிவு வந்தது. மக்கள் பேசினால் நாற்காலி வரும், நடத்தை மாறும். இல்லாத மருந்தும் இல்லாத மருத்துவரும் பேச்சில் வந்துவிட மாட்டார்கள்.

சாய்தளம்:

நான் சக்கர நாற்காலியில் போகிறவன். என்னிடம் மட்டும் இதுவரை நாலு முறை கருத்துக் கேட்டாயிற்று, நாலு முறையும் சாய்தளம் வேண்டும் என்று எழுதினேன். ஐந்தாவது வருடம் கட்டினார்கள். ஏறிப் போனால் மேலே கதவு வெளிப்பக்கம் திறக்கிறது. நாற்காலியைப் பின்னால் தள்ளினால்தான் கதவைத் திறக்க முடியும், தள்ளினால் நாற்காலி சரிவில் உருளும்! கட்டும் முன்னால் வரைபடத்தை எங்களில் ஒருவரிடம் காட்டியிருந்தால் பத்து நிமிட வேலை.

மேலே எல்லோரும் எப்படிக் கேட்பது என்று பேசுகிறீர்கள். நான் கேட்பது, எப்போது கேட்பீர்கள்? எல்லாம் முடிவான பிறகு கேட்டால் அதற்குப் பெயர் கருத்துக் கேட்பா? ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் 1969லேயே இதற்கு எட்டுப் படி வைத்து ஓர் ஏணி போட்டுக் காட்டிவிட்டார். கருத்துக் கேட்பது அதில் நாலாவது படிதான், முடிவெடுக்கும் அதிகாரத்தில் பங்கு ஆறாவது படியில்தான் தொடங்குகிறது. பிரேசிலில் 1990இல் சட்டமே போட்டு, சுகாதார மன்றங்களில் பாதி இடத்தைச் சேவையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒதுக்கினார்கள். உங்கள் குழுவில் எத்தனை பேர், அதில் உங்களைப்போல வெளியிலிருந்து எத்தனை பேர்? கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள், கோபம்தான்.

புதுக்குழு_உறுப்பினர்:

பதினான்கு பேர். வெளியிலிருந்து நான் ஒருவன். நீங்கள் கேட்கும்வரை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

அக்கா சொன்னபடி 32 கேள்விகளை ஏழாக்கிவிட்டேன், கடைசிக் கேள்வி மட்டும் வெற்றிடம்: "நாங்கள் கேட்காமல் விட்டது என்ன?" நேற்று இதை எடுத்துக்கொண்டு மாலை நேரத்தில் ஒன்பது பேரிடம் பேசினேன், வாசலில் இல்லை, கொஞ்சம் தள்ளிப் பேருந்து நிறுத்தத்தில். ஒன்பதில் ஆறு பேர் பரிசோதனை முடிவு வந்துவிட்டதா என்று கேட்கவே இன்னொரு நாள் வேலையை விட்டு வந்தவர்கள். இது தெரியாமலா இத்தனை வருடம் நடத்துகிறார்கள் என்று இருந்தது.

இப்போது புதுக் கவலை. பேச ஆரம்பித்தால் மக்கள் நிறையச் சொல்கிறார்கள். ஒரு பெண், தன் மாமியாரைக் கவனிக்க வருகிறவர் அவரைக் கட்டிலிலிருந்து இழுத்து இறக்குகிறார், கையில் காயம் இருக்கிறது என்றார். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

குறிப்பேடு:

எந்தக் கட்டத்திலும் எழுதாதீர்கள், இன்றைக்கே சொல்லவேண்டிய இடத்தில் சொல்லுங்கள். அது கருத்து ஆகாது, பாதுகாப்புப் பிரச்சினை. மூன்று மாதம் கழித்து அறிக்கையின் 14ஆம் பக்கத்தில் வருவதற்குள் அந்த அம்மாவுக்கு என்ன ஆகும்? வெளியே கிளம்பும் முன்பே இப்படி ஏதாவது வந்தால் யாரிடம் போகும், எத்தனை நாளுக்குள் என்று குழுவில் முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். பேசத் தொடங்கும்போதே அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்: "நீங்கள் சொல்வதைப் பெயர் இல்லாமல்தான் எழுதுவேன், ஆனால் ஒருவருக்கு ஆபத்து என்று தெரிந்தால் சும்மா இருக்க மாட்டேன்."

பெயர் இல்லாமல் என்பதும் சின்ன ஊரில் அவ்வளவு லேசில்லை. "இரட்டைக் குழந்தை பெற்ற 44 வயதுப் பெண்" என்று எழுதினால் வார்டில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். வயதை எடுங்கள், நாளை எடுங்கள், நடந்ததை மட்டும் வையுங்கள்.

அறிக்கை கொடுப்பது பற்றி ஒரு யோசனை. இங்கிலாந்தில் லூட்டன் மருத்துவமனையின் தலை-கழுத்துப் புற்றுநோய்ப் பிரிவில் 2005 வாக்கில் ஒன்று செய்தார்கள். நோயாளிகளைத் தங்கள் அனுபவத்தைப் பேசச் சொல்லி, சம்மதத்தோடு வீடியோ எடுத்து, அதை மருத்துவர்களும் நர்ஸ்களும் நோயாளிகளும் ஒரே அறையில் உட்கார்ந்து பார்த்தார்கள், பிறகு முதலில் எதை மாற்றுவது என்று இரு தரப்பும் சேர்ந்தே முடிவு செய்தது. எக்செல் அட்டவணைக்கு முன்னால் கைகட்டி உட்காரும் மருத்துவர், தான் பார்த்த நோயாளியே திரையில் பேசும்போது அப்படி உட்கார முடியாது. உங்களுக்கு வீடியோ வேண்டாம், சம்மதித்தால் அந்தக் கால் மரத்துப்போன அம்மாவையே கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். தனியாக அழைக்காதீர்கள், பதினான்கு பேர் முன்னால் ஒருத்தர் பேசமாட்டார். மூன்று பேராக வரட்டும், போக்குவரத்துச் செலவைக் குழு கொடுக்கட்டும், அவர்களுக்கு முதலில் பேச நேரம் கொடுங்கள்.

ஊழியர்களையும் கேளுங்கள். பல குறைகளுக்குக் காரணம் அவர்களுக்குத் தெரியும், சொல்ல இடமிருக்காது. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் நோயாளிகளை மோசமாகக் கவனித்தது பற்றிய விசாரணை அறிக்கை 2013இல் வந்தபோது நிர்வாகத்தின் மேல் வைத்த பெரிய குற்றச்சாட்டே, நோயாளிகள் சொன்னதையும் ஊழியர்கள் சொன்னதையும் போதிய அளவு காதில் வாங்கவில்லை என்பதுதான். அங்கே விஷயத்தை வெளியே இழுத்துக்கொண்டு வந்தது நோயாளிகளின் உறவினர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை. பதில் சொல்லப்போவது யார் என்று பெயரோடு வாங்கிக்கொள்ளுங்கள். "பரிசீலிக்கப்படும்" என்று வந்தால் படிவத்தை மடித்து வையுங்கள். அடுத்த முறை போனால் யாரும் பேசமாட்டார்கள், சாய்தளம் நண்பர் நாலு முறை எழுதினாரே, எல்லோருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது.

புதுக்குழு_உறுப்பினர்:

அந்த மாமியார் விஷயத்தை அன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டேன், மறுநாள் ஒரு அதிகாரி வீட்டுக்கே போய்ப் பார்த்திருக்கிறார், ஆளையும் மாற்றிவிட்டார்கள்.

கண்காணிப்பாளரையும் போய்ப் பார்த்தேன். முதலில் "பார்க்கலாம்" என்றார், நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் இரண்டுக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார்: காத்திருக்கும் இடத்தில் இருக்கை, பரிசோதனை முடிவு தயாரானதும் போனில் தகவல். மாலை நேரப் பிரிவு வேண்டும் என்பதற்கு முடியாது என்றுவிட்டார். காரணம் கேட்டதும் ஆள் பற்றாக்குறைக் கணக்கை எழுதியே தந்தார். சம்மதித்ததோடு மறுத்ததையும், அந்தக் காரணத்தோடு, பெரிய தாளில் எழுதி வாசலில் ஒட்டப்போகிறேன். அடுத்த கூட்டத்துக்கு மூன்று பேர் வருகிறார்கள். அந்த அம்மாவைத் தேடினேன், இன்னும் கிடைக்கவில்லை, அடுத்த வாரம் மருந்து வாங்க வருவார் என்று மருந்து கொடுக்குமிடத்தில் சொன்னார்கள்.

தாள் ஒட்டுவதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பழைய_நர்ஸ்:

எழுத்து பெரிதாக இருக்கட்டும், படிக்க முடியாதவர்களுக்கு வாசித்துச் சொல்லும்படி டோக்கன் கொடுப்பவரிடம் சொல்லி வையுங்கள்.

சாய்தளம்:

ஒட்டும்போது ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒட்டுங்கள். எல்லா அறிவிப்பையும் என் தலைக்கு மேலேதான் ஒட்டுகிறார்கள்.