அப்பாயி பாடிய மாரிமுத்தாப் பிள்ளை பாட்டு: கேசட்டைக் காப்பாற்ற உதவி வேண்டும்

சீர்காழியில் இருக்கிறேன். 1991-ல் எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பாயி பாடியதை அப்பா ஒரு 60 நிமிட கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். அதில் ‘காலைத் தூக்கி நின்றாடும் தெய்வமே’ இருக்கிறது. தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளை (1712–1787) எழுதியது, இப்போது எல்லோரும் யதுகுலகாம்போதி ராகத்தில் பாடுகிறார்கள். அப்பாயி பாடுவது அந்த மெட்டே இல்லை. ஊர் நாதஸ்வரக்காரர் ஒருவரிடம் சின்ன வயதில் கேட்டுப் படித்ததாகச் சொல்வார். மாரிமுத்தாப் பிள்ளையும் அடங்கிய தமிழிசை மூவரில் இன்னொருவரான முத்துத்தாண்டவர் பாட்டுகளுக்கே பழைய மெட்டு பெரும்பாலும் போய்விட்டது, இதையும் விட்டுவிட மனசு வரவில்லை.

பிரச்சினை இதுதான்: பல்லவி தெளிவாக வருகிறது, சரணம் தொடங்கும்போது குரல் இழுத்து இழுத்துக் கனத்துப் போய், கீச்சென்று ஒரு சத்தத்தோடு டேப் நின்றுவிடுகிறது. நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் தெரிகிறது. போன மாதம் இரண்டு பிளேயரில் போட்டுப் பார்த்தேன், ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன், பென்சில் விட்டு மெதுவாகச் சுற்றினேன், அப்புறம் நாடாவை வேறு கேசட் கூட்டுக்குள் மாற்றியும் பார்த்தாயிற்று. மயிலாடுதுறையில் ஒரு கடைக்காரர் நாடாவைத் துடைத்துத் தருகிறேன் என்றார், அறுந்துவிடுமோ என்று கொடுக்கவில்லை.

மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் பூசணம் பிடித்த நாடாவை அறுக்காமல் சுத்தம் செய்து கணினியில் ஏற்றித் தருகிறவர் யாராவது இருக்கிறார்களா?