தமிழ்நாட்டின் அருகிவரும் இனங்கள்: எதை எந்தத் தொகுதியில் வைப்பது?

பசுமை_மன்றம்:
பள்ளிச் சுவரில் மாட்ட ஓர் அட்டவணை தயாராகிறது. பெருந்தொகுதி ஒவ்வொன்றுக்கும் தமிழ்நாட்டில் அருகிவரும் ஓர் இனம் என்பது திட்டம். இப்போதைய பட்டியல்: பூக்கும் தாவரம் – செங்காந்தள். வளையுடலி – கடல் அட்டை. பூச்சி – தமிழ் மறவன். மீன் – கடல் குதிரை. ஊர்வன – அழுங்கு. பறவை – மரகதப்புறா. பாலூட்டி – வெளிமான். எவை தவறு, பதிலுக்கு எதை வைக்கலாம்? பூக்காத தாவரம் ஒன்றும் வேண்டும்.

மேற்குமலை:
இரண்டு வகைக் குழப்பம் இருக்கிறது. செங்காந்தள், மரகதப்புறா, தமிழ் மறவன் மூன்றும் மாநிலச் சின்னங்கள். சின்னம் என்பதாலேயே அருகிய இனம் ஆகிவிடாது. மரகதப்புறா தெற்காசியா, தென்கிழக்காசியா முழுக்கப் பரவியிருக்கிறது, உலக அளவில் அதற்கு ஆபத்தில்லை. சின்னங்களில் அருகிய இனம் வேண்டுமென்றால் வரையாடுதான். 2024 கணக்கெடுப்பில் மாநிலத்தில் 1,031 வரையாடுகள் பதிவாயின.

அடுத்தது வெளிமான். நம் வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, ஆனால் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என்.-இன் செம்பட்டியலில் கவலை குறைந்த இனம். செம்பட்டியல் சொல்வது உலக அளவில் அழியும் வாய்ப்பை. சட்ட அட்டவணை சொல்வது வேட்டைக்கும் வணிகத்துக்கும் உள்ள தடையை. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினால் பிள்ளைகள் கட்டாயம் குழம்புவார்கள், தனித்தனிக் கட்டம் போடுங்கள். செம்பட்டியல் நிலைக்குப் பக்கத்தில் மதிப்பீட்டு ஆண்டையும் எழுத வேண்டும், நிலை மாறிக்கொண்டே இருக்கும். மிக அருகிய, அருகிய, அழிவாய்ப்பு ஆகிய மூன்றும்தான் ஆபத்து வகைகள். ‘தரவு போதாது’ என்று இருப்பதை ஆபத்தில் உள்ளது என்றும் எழுதக்கூடாது, பாதுகாப்பானது என்றும் எழுதக்கூடாது.

அழுங்கு பாலூட்டி. செதில் நம் நகம் போல கெரட்டினால் ஆனது, வயிற்றுப் பக்கம் ரோமம் இருக்கும், குட்டிக்குப் பால் கொடுக்கும். அதுவே அருகிய இனம் என்பதால் வெளிமான் இடத்தில் வைத்துவிடலாம். ஊர்வனவற்றுக்கு மன்னார் வளைகுடாவின் அழுங்காமையை எடுங்கள், மிக அருகிய இனம்.

‘பூச்சி’ என்பதைக் ‘கணுக்காலிகள்’ என்று மாற்றினால் ராமேஸ்வரம் சிலந்தியை வைக்கலாம். பொயெசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா, 2004-இல் விவரிக்கப்பட்டது, மிக அருகிய இனம். மரப்பொந்திலும் பட்டை இடுக்கிலும் வாழும். பழைய புளியமரத்தை வெட்டினால் அதன் வீடும் போயிற்று.

பாக்_விரிகுடா:
கடல் குதிரை சரி, அது மீன்தான். கடல் அட்டை மண்புழு போன்ற வளையுடலி அல்ல, முட்தோலி. உடலில் வளையங்கள் கிடையாது. நட்சத்திர மீனைப் போல ஐந்து பக்கச் சமச்சீர், நீர் அழுத்தத்தில் இயங்கும் குழாய்க்கால்கள். கடல் மணலை விழுங்கி, அதிலுள்ள கரிமப் பொருளைச் செரித்து மீதியைக் கழித்துவிடும். அதை அள்ளிவிட்டால் அடிமண் புரளாது. இந்தியாவில் 2001 முதல் பிடிக்கத் தடை.

இடம் இருந்தால் ஆவுளியாவையும் (கடற்பசு, கடல்வாழ் பாலூட்டி) சேருங்கள். பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. காப்பகம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. செவுள் வலையில் மாட்டினால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் மூழ்கிச் சாகும். அடுத்தடுத்த குட்டிகளுக்கு இடையே பல வருடம் ஆவதால் இழப்பு ஈடாவதில்லை. அது மேயும் கடற்புல்லைப் ‘பாசி’ என்று எழுதிவிடாதீர்கள். வேர், இலை, பூ எல்லாம் உள்ள பூக்கும் தாவரம் அது.

பாறு_நோக்கர்:
பறவைக்கு வெண்முதுகுப் பாறு கழுகு. மாயாறு பள்ளத்தாக்கில் நீர்மருது மரங்களில் கூடு கட்டுகிறது, வருடத்துக்கு ஒரே முட்டை. காரணம் என்ற கட்டத்தில் ‘காடழிப்பு’ என்று எழுதினால் தவறு, காரணம் டைக்ளோஃபெனாக். வலிக்காக மாட்டுக்கு அந்த ஊசி போட்டு, அது சில நாளில் செத்தால் இறைச்சியில் மருந்து தங்கியிருக்கும். தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் ஈரல் மீதும் இதயத்தின் மீதும் வெள்ளைப் படலமாகப் படியும். ஒரே சடலத்தைக் கூட்டமாகத் தின்பதால் நூற்றுக்கு ஒரு சடலத்தில் மருந்து இருந்தாலே கூட்டம் சரியும்.

கால்நடைக்கு 2006-இல் தடை வந்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போனதால் 2015-இல் அவையும் 3 மி.லி. ஒற்றை வேளை அளவாகக் குறைக்கப்பட்டன. 2023-இல் பாறுகளுக்குத் தீங்கான வேறு வலி மருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டுக்கும் கால்நடைப் பயன்பாட்டில் தடை. பாறுகளுக்குத் தீங்கில்லாத மாற்று மெலாக்சிகாம்.

பசுமை_மன்றம்:
மிக்க நன்றி. சிங்கவால் குரங்குக்கென்று தேடினால் வரும் படங்களில் பாதி கருமந்தி போல இருக்கிறது. எப்படிப் பிரிப்பது? தாவரம் இன்னும் பாக்கி.

மேற்குமலை:
முகத்தைச் சுற்றி வெள்ளிச் சாம்பல் பிடரி, குட்டை வால், நுனியில் குஞ்சம் என்றால் சிங்கவால் குரங்கு. உடல் கறுப்பு, தலை மட்டும் பழுப்பு மஞ்சள், உடலைவிட நீண்ட வாலில் குஞ்சம் இல்லை என்றால் கருமந்தி. வால் தெரியாத படத்தைத் தொடவே வேண்டாம்.

பூக்காத தாவரத்துக்கு சைக்கஸ் சர்சினாலிஸ், மேற்கு மலைத்தொடருக்கே உரிய அருகிய இனம். பார்க்கப் பனை போல இருந்தாலும் பனை என்று தலைப்புப் போட்டுவிடாதீர்கள்: விதை கனிக்குள் மூடியிருக்காது, ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூக்கும் தாவரத்துக்குச் செம்மரம் போதும்.

பாறு_நோக்கர்:
சட்டக் கட்டத்துக்குப் பழைய கையேடுகளைப் பார்க்காதீர்கள், அவற்றில் ஆறு அட்டவணைகள் இருக்கும். 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தபின் நான்குதான். தாவரங்கள் முன்பு ஆறாவதில் இருந்தன, இப்போது மூன்றாவதில்.